பெயிண்டர் விட்டுப்போன ஏணி

பிளம்பரும் அவன் மனைவியும் சண்டை போடுவதென்றால் மாடியிலிருந்து இறங்கி, தெருமுனைக்குப் போய், காரில் உட்கார்ந்துதான் போடவேண்டும். கார் டிரைவிங் ஸ்கூலுடையது. அவள் அங்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கூரைமேல் 'கற்பவர்' என்று பலகை மாட்டியிருக்கும். உள்ளே ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிக் கத்துவதையும், பக்கத்தில் ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறவர்கள், பாவம், ரிவர்ஸ் எடுக்க வராத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். குடும்பச் சண்டைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் ஊரில் கிடையாது.

வீட்டுக்குள் போட வழியில்லை. அது அவளுடைய அண்ணன் வீடு. வாடகைக்கு இருந்த இடத்தைத் திடீரென்று காலிசெய்யச் சொன்னபோது, "சொந்தமா ஒண்ணு அமையற வரைக்கும் இங்க இருங்க மாப்ளே" என்று அண்ணன் பெரிய மனசு பண்ணி மாடியறையைக் கொடுத்தான். அறைக்குக் கதவு இல்லை, துணித்திரைதான். அந்த அறை வழியாகத்தான் மொட்டைமாடிக்குப் போகமுடியும். அண்ணனுக்கோ மொட்டைமாடியில் நின்று போன் பேசினால்தான் பேசிய மாதிரி இருக்கும். "நான் ஒண்ணும் பார்க்கலை, நீங்க பாட்டுக்கு இருங்க" என்று சொல்லிக்கொண்டே திரையை விலக்கிக்கொண்டு வருவான். அதைக் கேட்டதும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கும் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி ஆகிவிடும். புருஷன் பெண்டாட்டி சிரிப்பதென்றால்கூட ஒருதரம் திரையைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கவேண்டும்.

அதனால் வீடு வாங்குவது என்று ஆனபோது அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வீடு பெரிசா சின்னதா, கிழக்கா மேற்கா என்ற பேச்சே அவளிடம் இல்லை. சாத்தினால் சாத்திக்கொள்கிற ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு கதவைத்தான் அவனால் இன்னும் வாங்கிக்கொடுக்க முடியவில்லை.

முடியாததற்குக் காரணம், பழைய கோர்ட் கிளார்க் ஒருவர். வேலையில் இருந்த காலமெல்லாம் கேஸைக் கூப்பிடுவதும், அது தள்ளிப்போனதும் அடுத்த தேதியை உரக்கச் சொல்வதும்தான் அவர் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அந்த நாக்கு ஓயவில்லை. அவருடைய வீட்டுக்குத்தான் இவர்கள் விலை சொல்லியிருந்தார்கள். அவருக்கு 'வாய்தா' என்று பெயர் வைத்தவள் பிளம்பரின் மனைவி.

முதல்தடவை தரகரோடு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். பழைய வீடு, ஆனால் சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி பெயிண்ட். ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில்கூட ஒரு சொட்டு வழியவில்லை. ஸ்விட்ச் போர்டுகள் புத்தம்புதுசு. ஒயர் ஒன்றுகூட வெளியே தொங்கவில்லை. குழாய்கள் மட்டும் அழுதுகொண்டிருந்தன. சமையலறையில் சொட்டு, குளியலறையில் ஒழுக்கு, கழிவறைத் தொட்டி ராப்பகலாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. பிளம்பருக்கு அங்கேயே காதல் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்து, தன் கைக்கு மட்டும் வேலை மிச்சம் வைத்திருக்கிற வீடு தனக்கென்றே கட்டியது என்று அந்த மடையனுக்குத் தோன்றியது.

பின்கட்டில் சுவரோரமாக நல்ல ஏணி ஒன்று சாய்ந்திருந்தது. படியெல்லாம் பெயிண்ட் துளிகள்.

"ஏணி உங்களுதாங்களா ஐயா?" என்று கேட்டான்.

"ஒருத்தர் விட்டுட்டுப் போனது தம்பி" என்றார் வாய்தா. "வீட்டோட சேர்த்து வெச்சுக்குங்க."

இவ்வளவு தாராளமான மனுஷரா என்று பிளம்பர் உருகிப்போனான். தரகர் விலையை எடுத்துச் சொன்னார். வாய்தா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல விலைதான். பார்ப்போம். அடுத்த சனிக்கிழமை வாங்களேன், பேசி முடிச்சிடலாம்" என்றார். அந்த 'பார்ப்போம்' காதில் விழுந்ததும் சோபாவில் உட்கார்ந்திருந்த மனைவியின் வலதுகால் தரையை ஓங்கி அழுத்தியதை அவன் பார்த்தான். கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உள்ள காரில் பழகியவள் அவள். எதிரே ஆபத்து தெரிந்தால், காரில் இல்லாவிட்டாலும் அந்தக் கால் தானாக அழுத்தும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனான். வாய்தா காபி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், பதில் மட்டும் கொடுக்கவில்லை. பேச்சு நின்ற இடத்தில் சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. பக்கத்தில் ஒருவன் கொட்டாவி விட்டால் நமக்கும் வருமே, அதுபோல அந்தச் சத்தம் கேட்டதும் பிளம்பருக்குக் கை அரிக்கும். பையைத் திறந்தான். "எதுக்குத் தம்பி சிரமம்" என்று வாய்தா சொன்ன வேகத்திலேயே தண்ணீரை நிறுத்துகிற திருகு எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் இதே கதைதான். ஒரு வாரம் மூத்த மகளைக் கேட்கவேண்டும். மறுவாரம் மகள் ஊரில் இல்லை. அப்புறம் மகள் சரி சொல்லிவிட்டாள், ஆனால் அவருக்கு முதுகுவலி, முதுகுவலியோடு பெரிய முடிவெல்லாம் எடுக்கக்கூடாது. இல்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வீட்டில் ஏதாவது ஒன்று சரியானது. குளியலறைக் குழாய் புதுசாயிற்று. கழிவறைத் தொட்டி பேச்சை நிறுத்தியது. மேல்தொட்டிக்கு ஏறவேண்டியிருந்தபோது பெயிண்ட் படிந்த அந்த ஏணியைத்தான் சாத்தினான். மோட்டாரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கவேண்டியிருந்தபோது வாய்தா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்து நீட்டினார். நல்ல கம்பெனி டெஸ்டர்.

"இதுவும் ஒருத்தர் விட்டுட்டுப் போனதுதான்" என்றார்.

நம்ம வீடுதானே, இன்றைக்குச் செய்தால் என்ன, குடிவந்தபிறகு செய்தால் என்ன என்று பிளம்பர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனைவியிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். அவள் அவன் சட்டைக் கையில் இருந்த துருக்கறையைப் பார்த்தாள். "பேச்சுவார்த்தையில துரு பிடிக்குமா?" என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் தரகர் இன்னொரு வீட்டைக் காட்டினார். மூன்றாவது மாடியில் சின்ன ஃப்ளாட். சொந்தக்காரி மருந்துக்கடை நடத்துகிற ஒரு பெண்மணி. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மாதிரியே பேசினாள். இதுதான் விலை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேறு ஆளுக்குக் காட்டுவேன். அவ்வளவுதான் பேச்சு. மனைவி நேரே படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். உள்ளேயே கொஞ்சநேரம் இருந்தாள். பிளம்பர் அதற்குள் எல்லாக் குழாயையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டான். ஒன்றுகூட ஒழுகவில்லை. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

அன்று தெருமுனைக் காரில் கச்சேரி களைகட்டியது.

"சும்மா சொல்லுங்க. நீங்க வீடு பார்க்கப் போறீங்களா, வேலைக்குப் போறீங்களா?"

"அந்த வீட்டைப் பத்தி உனக்குத் தெரியாது. அடித்தளமெல்லாம்..."

"எனக்கு அந்த ஆளைப் பத்தித் தெரியும். முன்னாடி ஒரு வண்டி இண்டிகேட்டரைப் போட்டுட்டுத் திரும்பவும் மாட்டேங்குது, நேராவும் போக மாட்டேங்குது. அதுக்குப் பின்னாடியே நிப்பீங்களா?"

"அவர் மனசு இளகிட்டே வருதும்மா. இன்னும் ஒரே ஒரு வாரம்."

"உங்களுக்கு வேண்டியது வீடே இல்ல. உங்களுக்கு நோயாளி வேணும். அந்த ஃப்ளாட்டுல எதுவும் ஒழுகலைன்னுதானே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பதில் சொல்ல அவன் வாயைத் திறக்கும்போது அவள் அழுதுவிட்டாள். அவள் அழுகிற ஆள் இல்லை. லாரிக்கு அடியில் காரை விடப்போன மாணவர்களை எல்லாம் பிரேக்கை மிதித்துக் காப்பாற்றிவிட்டு, "சரி, மறுபடி ஃபர்ஸ்ட் கியர்" என்று சொல்கிறவள்.

"நேத்து குளிச்சுட்டு வந்து புடவை மாத்திக்கிட்டு இருக்கேன்" என்றாள். "அண்ணன் நான் எதையும் பார்க்கலைன்னு சொல்லிக்கிட்டே போறான். அவன் மேல தப்பில்லை. அவன் வீடு, அவன் வழி. எனக்குத்தான் இடமில்லை. நாளைக்குச் சனிக்கிழமை. போய் ஆமாவா இல்லையான்னு கேட்டுட்டு வாங்க. உங்க இஷ்டம் எதுவோ நான் தடுக்க மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் இந்தக் கார்ல வந்து சண்டை போட என்னால முடியாது."

சண்டையே போடமாட்டேன் என்று பெண்டாட்டி சொல்வது சண்டையைவிட மோசம் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை அவளே காரைக் கொண்டுவந்து வாய்தாவின் வாசலில் நிறுத்தினாள். உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிளம்பர் மனசுக்குள் வசனத்தை ஒத்திகை பார்த்தபடி போனான். ஐயா, ஆமாவா இல்லையா. இதில் ஒத்திகை பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்கவந்த காரியத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசிவிட்டு வருகிறவனுக்கு இதுவே பெரிய வசனம்தான்.

"வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்" என்றார் வாய்தா. "சிங்க் அடியில லேசா ஒழுகுது பாருங்க."

பார்த்தான். ஒழுகத்தான் செய்தது. கீழே ஒரு வாளி வைத்திருந்தார். வசனத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தரையில் மல்லாந்து தலையை உள்ளே நுழைத்தான். பையிலிருந்து பெரிய ரெஞ்சை எடுத்தான். அவனிடம் இருப்பதிலேயே உயர்ந்த சாமான் அது. யாருக்கும் இரவல் தரமாட்டான். மச்சான் ஒருதடவை கேட்டபோது தொலைந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னவன். அதை நட்டில் மாட்டித் திருகப்போனபோது வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது.

"சார், உங்க பிளம்பர் வந்துட்டாரா? சனிக்கிழமைதானே வருவார்னு சொன்னீங்க. எங்க வீட்டு வாஷ்பேசினையும் ஒரு எட்டு பார்க்கச் சொல்லுங்களேன்."

பக்கத்து வீட்டம்மா. சிங்க் அடியில் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்து அந்தம்மா மரியாதையாகக் குனிந்தாள்.

"தம்பி, நீங்கதானா அது? நல்ல வேலைக்காரர்னு சார் சொல்லிச் சொல்லி மாளலை."

"நான் வேலைக்காரன் இல்லைங்கம்மா" என்று சிங்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "வீடு வாங்க வந்திருக்கேன்."

"அதான் தெரியுமே" என்றாள் அந்தம்மா சாதாரணமாக. "இதுக்கு முன்னாடி வீடு வாங்க வந்தவர் எலெக்ட்ரீஷியன். எவ்வளவு அருமையா ஒயரிங் பண்ணிக் கொடுத்தார் தெரியுமா! அதுக்கும் முன்னாடி ஒரு பெயிண்டர். அவர் எங்க கேட்டுக்குக்கூட மிச்ச பெயிண்ட்டை அடிச்சுக் கொடுத்துட்டுப் போனார். தங்கமான மனுஷங்க. சாருக்கு அமையறவங்க எல்லாம் அப்படி."

பிறகு பிளம்பர் மெதுவாக வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. சுவரைப் பார்த்தான். ஸ்விட்ச் போர்டைப் பார்த்தான். எந்தச் சுவரை மெச்சினானோ அதை இவனைப்போல ஒரு ஆசாமி சனிக்கிழமை சனிக்கிழமையாக வந்து அடித்திருக்கிறான். அவனுக்கும் நம்ம வீடுதானே என்று தோன்றியிருக்கும். அவனுக்கும் ஒருத்தி வீட்டில் காத்துக்கொண்டிருந்திருப்பாள்.

பக்கத்து வீட்டம்மா நிலவரம் சரியில்லை என்று புரிந்துகொண்டு வாஷ்பேசினை மறந்து நழுவினாள்.

"ஐயா" என்றான் பிளம்பர். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போய்விட்டது. "இத்தனை பேரை வெச்சுச் செஞ்சிருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

வாய்தா கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தமாகத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் யாரையும் வரச்சொல்லி வேலை வாங்கலை தம்பி. நீங்களாத்தான் பையைத் திறந்தீங்க. சத்தியமாச் சொல்றேன், ஒவ்வொரு தடவையும் வித்துடணும்னுதான் உக்காருவேன். முதல்ல நீங்க வந்தப்போ ராத்திரியெல்லாம் டாய்லெட் சத்தம், தூக்கமே கிடையாது. இந்தச் சனியனை யார் தலையிலயாவது கட்டிட்டு மகள் வீட்டுக்குப் போயிடணும்னு இருந்தேன். அன்னிக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். நீங்க வந்து அதைச் சரிபண்ணிட்டீங்க. இப்போ நிம்மதியாத் தூங்கறேன். தூங்கி எந்திரிச்சா, இவ்வளவு நல்ல வீட்டை எதுக்கு விக்கணும்னு தோணுது. நான் என்ன பண்ணட்டும்?"

பிளம்பருக்கு அதைக் கேட்டுக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அந்தக் கோபம் போய் நின்ற இடம் அவனாகவே இருந்தது. இந்த வீடு கைக்கு வராமல் பண்ணினவன் வேறு யாருமில்லை. ஒவ்வொரு சொட்டாக நிறுத்தி நிறுத்தி, கிழவருக்கு வீட்டின்மேல் ஆசை வரவைத்தவன் இவனேதான். வேலையைக் கெடுத்திருந்தால்கூட வீடு கிடைத்திருக்கும்.

கழற்றிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. எல்லாம் இவன் வாங்கிப்போட்ட வாஷர்தானே. நாலு திருகு திருகினால் தொட்டி மறுபடி பேச ஆரம்பித்துவிடும், கிழவர் திங்கட்கிழமையே எழுதிக்கொடுத்துவிடுவார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் நன்றாக ஓடுகிற குழாயை ஒழுகவிட அவன் கை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையை நம்பித்தான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறான்.

"நான் சொன்ன விலையை வாபஸ் வாங்கிக்கறேன் ஐயா" என்றான். "தரகர்கிட்டயும் சொல்லிடறேன். இனி நான் வரமாட்டேன்."

"அவசரப்படாதீங்க தம்பி. அடுத்த சனிக்கிழமை..."

"வேண்டாங்க."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் கை தானாகப் பைப்பக்கம் போயிற்று. இன்னொரு சொட்டு. நின்றான். பிறந்ததிலிருந்து ஒழுகுகிற குழாயை விட்டுவிட்டு அவன் நடந்ததே இல்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. கீழே வாளி இருக்கிறதல்லவா, அது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டு வெளியேறினான்.

மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். அவன் வண்டியை எடுத்தான்.

"மருந்துக்கடைக்குத்தானே?" என்றாள் கொஞ்சதூரம் போனபிறகு.

"ஆமா. நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே சொல்லிடலாம்."

நடந்ததை எல்லாம் சொன்னான். சட்டைத் துருவையும் சேர்த்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். எலெக்ட்ரீஷியன் பேச்சு வந்ததும் அவள் உதட்டைக் கடித்தாள், பெயிண்டர் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் அவன் பிரேக் போட்டான். பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான்.

"என்னாச்சு?"

"ரெஞ்ச்" என்றான். "பெருசு. சிங்க் அடியில நட்டுலயே மாட்டி இருக்கு. விட்டுட்டு வந்துட்டேன்."

திரும்பிப் போவதென்றால் இரண்டு நிமிஷம் ஆகாது. போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் ரெஞ்ச் நட்டில் இருக்கிறது, ரெஞ்சைப் பிடித்தால் நட்டைத் திருகாமல் வரமுடியாது, திருகினால் காபி, காபியானால் வாய்தா. அவன் அவள் பக்கத்துப் பிரேக்கைப் பார்த்தான். அவள் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் இழுத்து மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவனுக்கு அந்த ஏணி ஞாபகம் வந்தது. டெஸ்டரைக்கூட மறந்துவைத்துவிட்டு வரலாம், சட்டைப்பையில் அடங்குகிற சாமான். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கிற ஏணியை எவனாவது மறப்பானா? அது என்ன குடையா? முகம் தெரியாத அந்தப் பெயிண்டர் ஏணி அங்கேதான் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, இதே தெருவில் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறான்.

போன் அடித்தது. வாய்தா. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, உங்க சாமான் ஒண்ணை மறந்து இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்களே. நல்ல கனமா இருக்கு, விலை ஜாஸ்தியா இருக்கும் போல. ஒண்ணு பண்ணுங்க, அடுத்த சனிக்கிழமை வந்து..."

"மறக்கலைங்க ஐயா" என்றான் பிளம்பர். அது நல்ல ரெஞ்ச். "அதை ஏணிப் பக்கத்துல வைங்க."

போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவள் சிரித்தாள். தலைக்குமேல் கற்பவர் பலகை ஆட, எந்தத் திரையையும் திரும்பிப் பார்க்காமல், வாய்விட்டு மருந்துக்கடை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.